மத்தியான வெயிலில் எடுத்த இருட்டு

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகள் மோனிகா இயேசுவுக்குப் புகழ் சொல்லி எழுதுவது. உங்கள் உடம்பும், உங்கள் தங்கை ஆரோக்கியமேரி அத்தையின் மூட்டுவலியும் எப்படி இருக்கின்றன? இங்கே உங்கள் மகனும் நானும் சுகம். பேத்தி ஸ்நேகாவை இப்போதுதான் தூங்கவைத்தேன். தினமும் உங்கள் கட்டிலைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால், காலையில் ஆரணிப் பக்கம் லோடு ஏற்றிப் போகும் தேசப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துவிடாமல் முழுதும் படிக்கவும்.

வருகிற ஞாயிறு ஸ்நேகாவுக்கு ஞானஸ்நானம். கேமரா இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னதாக அத்தை சொன்னார்கள். தாத்தா இல்லாமல் பேத்தி தலையில் எப்படித் தண்ணீர் ஊற்றுவது, மாமா? மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மகன் கேமராவை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் முப்பது வருஷம் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்றவர், உங்களுக்குச் சட்டென்று புரியும். கேமராவுக்கும் ஒரு கேட் உண்டு, அதுதான் ஷட்டர். அதை ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடி, வெளிச்சம் நுழைகிற ஓட்டையையும் சின்னதாக்கிவிட்டால், எத்தனை பெரிய மத்தியான வெயிலும் கேட்டுக்கு வெளியே நின்றுவிடும், படம் கறுத்துவிடும். ஃபிளாஷ் அப்படியில்லை, அந்தக் கண்சிமிட்டும் நேரத்துக்குள் உள்ளே வந்து வேலையை முடித்துவிடும். அதைப் பூவுக்கு ஒரு சாண் பக்கத்தில் பிடித்தால் பூ மட்டும் பளிச்சென்று விழும், பத்தடி தள்ளியிருக்கிற சுவருக்கு அது போய்ச் சேராது. பிசிக்ஸ் படித்த எனக்கே இதை உங்கள் மகன்தான் சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம், இன்னும் வேகமாக மூடினால் இன்னும் கறுப்பாக வரும் என்று அவர் ஐநூறில் ஒரு பங்கு வைத்துவிட, கேட் முழுசாகத் திறக்காமல் ஃபிளாஷ் பாதிப் படத்துக்குத்தான் விழுந்தது, மீதிப் பூவைக் காணோம், கேமரா கெட்டுவிட்டதென்று அவர் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட, இந்த மின்னல் குழந்தை கண்ணுக்கு ஆகுமோ ஆகாதோ என்று நான் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு கூகிளில் தேடித் தேடி பேஜாராகிக் கிடந்தேன். ஆனால் மாமா, அந்த நந்தியாவட்டைப் படத்தைப் பார்த்தீர்களா? நம் வீட்டுப் பின்பக்கம் எப்படி இருக்கும், புகைபோக்கி, துருப்பிடித்த டிரம், குணசுந்தரி அக்கா வீட்டுப் பனியன்கள், அத்தனையும் ஒரு கிளிக்கில் போய், அந்தப் பூ மட்டும் இருட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்து நின்றது, இதழ் நரம்பு வரைக்கும் தெரிய. இரும்புத்தூள் படிகிற இந்த ஊரில் இவ்வளவு வெள்ளை எங்கே இருந்தது என்று நான் அசந்துபோனேன். வாரம் ஆறு நாளும் ஃபர்னஸ் முன்னால் வெந்துவிட்டு வருகிற மனுஷன், ஒரு பூவுக்காக மண்ணில் குப்புறப்படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, இவரையா நான் கட்டிக்கொண்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில்தான் புத்தி போயிற்று. அதை ஒரு வார்த்தைகூட எழுதாமல் ஸ்டேட்டஸில் வைக்கச் சொன்னது நான்தான். கறுப்புப் படத்தில் ஒற்றை வெள்ளைப் பூவைப் பார்த்தால் நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதிலும் நீங்கள் நெஞ்செரிச்சலுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்த வாரம். அத்தை போன் செய்திருக்கிறார்கள், நாங்கள் இரண்டு பேரும் செடிக்குள் இருந்ததால் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு ஆரணியிலிருந்து வேனில் பதினெட்டுப் பேர், ஆளுயர மாலை. தெருமுனையிலேயே ஒப்பாரி. நீங்கள் கருவாட்டுக் கையோடு கதவைத் திறந்தீர்கள்.

"இன்னாண்ணா, உயிரோடவா கீற?" என்று அத்தை கேட்டார்கள். அழுகையை நிறுத்த முடியாமல் கேட்டார்களே தவிர, ஏமாற்றத்தில் கேட்கவில்லை, மாமா.

"துன்னுகினு கீறேன். நீ இன்னாத்துக்கு அழுதுகினு வர்ற?" என்றீர்கள். அதற்குள் டெம்போவில் ஐஸ் பெட்டியும் வந்து, அந்த ஆள் உங்களிடமே, "பெரியவரே, பிளக் பாயிண்ட் எங்க கீது?" என்று கேட்டான். அதைக்கூட நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள். உங்கள் மகன் மண்ணும் வேர்வையுமாக ஓடிவந்து, எல்லார் எதிரிலும், "நைனா, பேக்ரவுண்டு எப்டி கறுப்பாச்சு பாத்தியா?" என்றாரே, அங்கேதான் உங்கள் மனசு விட்டுப்போயிற்று. உங்களை எடுக்க வந்தவர்களின் வேனிலேயே முன் சீட்டில் ஏறிப் போய்விட்டீர்கள்.

தப்பு எங்களுடையது. இனி எந்தப் பூவை வைத்தாலும் கீழே 'வீட்டில் அனைவரும் நலம்' என்று எழுதிவிடுகிறோம். கேமராவை மன்னித்து, ஞாயிறு பூசைக்கு முன்னால் வந்து சேரவும்.

அத்தைக்கு என் வணக்கம். மாதா உங்களுக்கு நல்ல பசியும் நல்ல தூக்கமும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
மோனிகா ஜெரால்ட்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அத்தை போனிலிருந்து ஒரு படம் வந்தது. செவ்வரளி, பின்னால் கும்மிருட்டு. நீங்கள் எடுத்ததாம். உங்கள் மகன் விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்து, "ஃபிளாஷே இல்ல, போன்ல எடுத்துக்கிறாரு. ஷட்டர் எவ்ளோ வெச்சாருன்னு கேளு மோனி" என்று உயிரை எடுத்துவிட்டார். கேட்டேன். அத்தை வாய்ஸ் மெசேஜ் போட்டார்கள்: "ஷட்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் கறுப்புப் பாவாடைய செடிக்குப் பின்னால கட்டிட்டு எடுத்துச்சு எங்க அண்ணன். மூணு நாளா இதே வேல, கட்டிக்க எனக்குப் பாவாட இல்ல. சனிக்கிழமையே இட்டுக்கினு வரேன், அந்தக் கேமராவையும் ஒரு கை பாக்கணுமாம்." மாமா, மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். சீக்கிரம் வாருங்கள். பாவாடையை மட்டும் கொண்டுவராதீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே உங்கள் மகன் இன்னும் சாப்பிடவில்லை.