ஓட்டை சாரிடம் ஒரு சந்தேகம்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் எங்கள் ஓட்டை சாரைப் போல ஒரு சந்தேகப் பிராணி பிறந்ததில்லை. இனி பிறக்கப் போவதுமில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். பள்ளிக்கூடம், நகைக்கடை, செட்டிகுளத்து வெங்காய மண்டி என்று ஊர்ப்பட்ட வெப்சைட்டுகள் ஓடும் சர்வருக்கு அவர்தான் காவல். சர்வர் மென்பொருளில் திருடன் நுழைய ஓட்டை இருக்கிறதென்று அறிவிப்பு வந்தால் போச்சு, அதை அடைக்கும்வரை மனுஷனுக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

அடைத்தாலும் நம்ப மாட்டார். தானே திருடனாகி நாலு பக்கமும் நுழைந்து பார்ப்பார். சர்வரை நிறுத்துவதற்கு முன் மண்டிக்காரருக்குப் போன் போட்டு, கொஞ்ச நேரம் சைட் வராது, பதறாதீங்க என்பார். அவர் போன் செய்த பிறகுதான் மண்டிக்காரர் பதறவே ஆரம்பிப்பார்.

முதலாளி மகள் கல்யாணத்தில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், வாழைமரத்துக்குப் பின்னால் லேப்டாப்பைத் திறந்துவிட்டார். முதலாளிக்கு வந்ததே கோபம். வெங்காய விலையைத் திருடி எவன்யா கோட்டை கட்டப் போகிறான் என்று கத்தினார்.

“திருட வேணாங்க. வெலய மாத்திப் போட்டான்னா? அத நம்பி மூட்டைய ஏத்திட்டு வர்றவன் என்னங்க பண்ணுவான்?”

சார் கையைக்கூடக் கழுவவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

அப்புறம் அவர் மனைவிக்குப் புற்றுநோய் வந்தது. திருச்சி ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய ஓட்டை பற்றி அறிவிப்பு வந்தது. நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. மத்தியானம் பார்த்தால் பஸ் பிடித்து வந்து நிற்கிறார். பாவி மனுஷன், இப்போதுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வேலையை முடித்தார், வழக்கம்போல் நுழைந்தும் பார்த்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. கிளம்புங்க சார், அக்கா தேடுவாங்க என்றேன்.

“காலையில டாக்டரு அவள வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டாரும்மா. இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லயாம். இதயாவது அடைக்கலாமேன்னு வந்தேன்.”

நான் அழுதுவிட்டேன். முதலாளி தன் காரிலேயே அவரைத் திருச்சிக்கு அழைத்துப் போனார். அடுத்த வாரம் அக்கா போய்விட்டார்.

சார் வேலையை விட்டுவிட்டு அரியலூர் வீட்டோடு முடங்கிவிட்டார். பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். இப்போது சர்வருக்கு நான் காவல். ஓட்டையை அடைத்து முடித்த கையோடு அவருக்குப் போன் செய்து, ஒன்றும் தெரியாதவள் போல ஒரு சந்தேகம் கேட்பேன். இது கூடவா தெரியாது, உனக்கெல்லாம் யாரும்மா சம்பளம் குடுக்குறது என்று பிடிபிடியென்று பிடிப்பார். நானும் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

அறிவிப்பே வராத வாரங்களில் நானே ஓர் ஓட்டையை இட்டுக்கட்டிக் கேட்கிறேன். அப்படியொன்று இல்லவே இல்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் திட்டுகிறார்.