நெவில் படிக்காத நாவல்

அடையாளம் தெரியாத சாதனம் என்றாவது அந்தப் புதுக் கம்ப்யூட்டர் சொல்லியிருக்கலாம். அது வாயே திறக்கவில்லை. நெவில் ஈ-ரீடரைச் செருகினார், பிடுங்கினார், கேபிளின் முனையில் ஊதினார், மறுபடி செருகினார். ஈ-ரீடரில் சார்ஜ் விளக்கு மட்டும் சமர்த்தாக எரிந்தது. ஓசியில் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறக்காத விருந்தாளி மாதிரி இருந்தது அதன் போக்கு.

அன்று சாயங்காலம் ஊர் பௌலிங் கிளப் கூடத்தில் அவர் மனைவி லொரைனின் முதல் நாவல் வெளியீடு. முதல் பேச்சு நெவிலுடையது. நாவலில் ஒரு வரிகூட அவர் படித்திருக்கவில்லை. அது போனால் போகிறது என்று விடலாம். ஆனால் படித்து முடித்துவிட்டேன், கடைசியில் அழுதே விட்டேன் என்று போன மாதமே லொரைனிடம் சொல்லித் தொலைத்திருந்தார். ஊரே கூடியிருக்கிற இடத்தில் அந்தப் பொய் உடைந்தால் லொரைன் முகத்தில் எப்படி விழிப்பது? அதற்குள் நாவலை ஈ-ரீடரில் ஏற்றி நாலு பக்கமாவது படித்துவிட வேண்டும்.

முதல் வாசகன் நான்தான் என்று அடம்பிடித்தவரும் அவர்தான். லொரைன் மழுப்பி மழுப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் நாவலை மெயிலில் அனுப்பி வைத்தார். அதே வாரம் நெவிலுக்குப் பிறந்தநாள் பரிசாக இந்தப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. கெமிஸ்ட் கடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிலியாவிடம் வாங்கியது. பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அன்பு பெருகிவிட்டால் காலண்டரை யார் பார்ப்பார்கள் என்று நெவில் பூரித்துப்போனார். பழைய கம்ப்யூட்டரை லொரைனே காரில் ஏற்றிக்கொண்டு போய் யாருக்கோ தானம் செய்துவிட்டு வந்தார்.

மத்தியானம் கிளம்பும்போது லொரைன் வாசலில் நின்று, பேச்சு தயாரா என்று கேட்டார். எல்லாம் மனதில் இருக்கிறது என்றார் நெவில்.

"ரொம்ப நீட்டாதே நெவ். கதையைப் பத்திப் பேசவே வேணாம். நான் டீக்கு ஸ்கோன் நல்லா சுடுவேன்னு சொல்லு, போதும்."

என்ன அடக்கம் என்று நெவில் உருகினார். கார் தெருமுனையில் மறைந்ததும் நெவில், வழக்கம்போல, லொரைன் டிஷ்வாஷரில் அடுக்கியிருந்த பாத்திரங்களை வெளியே எடுத்து முறைப்படி திருப்பி அடுக்கினார். பிறகுதான் வேலையில் இறங்கினார்.

சமையலறையின் மூன்றாவது டிராயரைத் திறந்தார். அந்த ஊரில் மூன்றாவது டிராயர் இல்லாத வீடு கிடையாது. செத்த பேட்டரி, ரப்பர் பேண்ட், எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிகள், இவற்றுக்கு நடுவே சிக்குப் பிடித்த கேபிள் குவியல். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றின. சில அதையும் செய்யவில்லை. ஒன்று உள்ளே போய் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. நெவில் பல்லைக் கடித்து இழுத்ததில் கேபிள் கையோடு வந்தது, அதன் முனை ஈ-ரீடரிலேயே தங்கிவிட்டது.

சிலியாவின் கடைக்குப் போன் செய்தார். சனிக்கிழமை, பாதி நாள்தான், மூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மெர்வினைக் கூப்பிட்டார்.

மெர்வின் அவருடைய நாற்பது வருஷச் சிநேகிதர். ஓய்வுபெற்ற ஆண்கள் கூடி நாற்காலி, பறவைக் கூடு என்று எதையாவது அறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் மென்ஸ் ஷெட்டுக்கு அவர்தான் தலைவர். டிரக்கில் பாதி ஷெட்டை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு வேலையாப்பா, ஆயிடும் விடு" என்றார்.

குறடால் முனையைப் பிடுங்கினார். வந்துவிட்டது. அந்த வெற்றியோடு நிறுத்தியிருக்கலாம். ஓட்டை இறுகிப்போயிருக்கிறது என்று சொல்லி, துரு நீக்கும் ஸ்ப்ரேயை அதற்குள் தாராளமாக அடித்தார். ஷெட்டில் கதவு, சைக்கிள், புல்வெட்டி எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. ஈ-ரீடரின் திரை அப்படியே உறைந்து நின்றது.

பட்டனை அழுத்திப் பிடித்தால் உயிர் வரும் என்றார் மெர்வின். உயிர் வந்தது, ஞாபகம்தான் போய்விட்டது. உள்ளே இருந்த புத்தகங்கள் எல்லாம் மறைந்து, புதிதாகப் பிறந்ததுபோல என்ன மொழி வேண்டும் என்று கேட்டது. மெர்வின் கண்ணாடி போடாமல் ஒன்றைத் தொட்டார். அதற்குப் பிறகு திரையில் வந்ததெல்லாம் எழுத்துக்கு எழுத்து மேலே புள்ளி வைத்த ஏதோ ஒரு குளிர்நாட்டு மொழி. அதிலிருந்து ஆங்கிலத்துக்கு எப்படி வருவது என்பதும் அந்த மொழியிலேயே இருந்தது.

"கோளாறு ஈ-ரீடர்ல இல்லை, கம்ப்யூட்டர்ல" என்று மெர்வின் தீர்ப்பை மாற்றினார். அப்டேட் போட்டால் சரியாகிவிடுமாம். நெவில் யோசிப்பதற்குள் அழுத்தியும் விட்டார். திரை நீலமாகி, முடியும்வரை அணைக்காதீர்கள் என்று எச்சரித்துவிட்டு நத்தை வேகத்தில் நகர்ந்தது. இருவரும் டீ போட்டுக் குடித்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோதும் அது கிட்டத்தட்ட அங்கேயே நின்றது.

மெர்வின் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏம்ப்பா, அந்த நாவலை இந்தக் கம்ப்யூட்டர்லயே திறந்து படிச்சிருக்கலாமே?"

நெவில் தலையில் அடித்துக்கொண்டார். புத்தகம் என்றால் சோபாவில் சாய்ந்து ஈ-ரீடரில்தான் படிப்பது என்று பழகிப்போன மண்டையில் அது உறைக்கவே இல்லை. இப்போது உறைத்தது, ஆனால் இப்போது கம்ப்யூட்டரும் இல்லை.

கடைசி நம்பிக்கை மெர்வினின் மனைவி பெவர்லி. லொரைனின் வாசகர் வட்டத்தில் இருப்பவர், நாவலைப் படித்தவர். போன் போட்டு, கதையை இரண்டு வரியில் சொல்லும்படி கெஞ்சினார் நெவில். சொல்ல மாட்டேன் என்று லொரைனிடம் சத்தியம் செய்திருப்பதாகச் சொன்ன பெவர்லி, குபீரென்று சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டார்.

"விடு, எல்லாக் கதையிலயும் ஒரு புருஷன் இருப்பான்" என்றார் மெர்வின். "அவனைப் புகழ்ந்துட்டு உக்காந்துடு."

கிளப்பில் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவந்து மேசையை நிரப்பியிருந்தார்கள். லொரைன் மேடையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். முதல் நாவல், பதற்றம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு நெவில் மைக்கைப் பிடித்தார்.

"இந்த நாவலோட உயிரே அந்தக் கணவன்தான். படிக்கப் படிக்க நான் என்னையே பாத்தேன். கடைசி அத்தியாயத்துல அவன் பேசுறானே, அங்க அழுதுட்டேன்."

வாசகர் வட்டப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு கனைப்பு கிளம்பியது. பெவர்லி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். பேச்சு எடுபடுகிறது என்று நெவிலுக்கு உற்சாகம் பிறந்தது. எழுதும்போது லொரைன் மனதில் யார் இருந்தார்கள் என்று உங்களுக்கெல்லாம் தெரியுமே என்று ஒரு போடு போட்டார். அந்தப் பெண்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

பிறகு லொரைன் எழுந்து நாவலைத் தொடக்கத்திலிருந்து படித்தார். முதல் பக்கத்தில் ஒரு கணவன், மனைவி அடுக்கிய டிஷ்வாஷரைக் கலைத்துத் திருப்பி அடுக்குகிறான். தட்டுகள் ஏன் ஒரே பக்கம் பார்க்கவேண்டும் என்று விளக்குகிறான். இரண்டாம் பக்கத்தில், விளக்கிக்கொண்டே தின்ற சாஸேஜ் தொண்டையில் சிக்கிச் செத்துப்போகிறான். மூன்றாம் பக்கத்தில் மனைவி தட்டுகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கி முடித்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறாள். மிச்சப் புத்தகம் முழுக்க அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று பெவர்லி பக்கத்திலிருந்தவர்களுக்குச் சத்தமாகவே சொன்னார். இப்போது கூடமே சிரித்தது.

நெவில் மூலையில் போய் நின்றார். காது மடல் வரை சுட்டது. செத்துப்போன கணவனைப்பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. லொரைனை ஏமாற்றிவிட்டோமே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. பாவம், பிறந்தநாளுக்கு முன்னாலேயே ஆசையாசையாகக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தவளுக்கு இப்படி ஒரு துரோகம். வீட்டுக்குப் போனதும் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அப்போது எலுமிச்சை கேக் துண்டுகள் அடுக்கிய தட்டை நீட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் கடை சிலியா வந்தார்.

"உங்களைக் கேக்கணும்னே இருந்தேன் நெவில். பழைய சாமானைக் கொண்டாந்து, இதோட சேந்து வேலை செய்யுற கம்ப்யூட்டர் குடுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. உங்க லொரைன் மட்டும்தான் உங்க ஈ-ரீடரைக் கொண்டாந்து, கடையில இருக்கிற அத்தனையிலயும் செருகிச் செருகிப் பாத்து, அதைக் கண்டுக்கவே கண்டுக்காத ஒண்ணாத் தேடி வாங்கிட்டுப் போனாங்க. இன்னும் நல்லா கண்டுக்காமத்தானே இருக்கு?"