ஊருக்கு வெளியே பதினோராவது மாடி

லிஃப்ட் மறுபடியும் படுத்துக்கொண்டது. பதினோரு மாடியும் நடந்தே ஏறி, வீட்டு வாசலில் நாக்குத் தள்ள உட்கார்ந்து ஒரு முடிவெடுத்தேன். இந்தத் தீப்பெட்டி அடுக்கை விட்டுப் போயே தீருவது!

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். "உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் இருக்கு" என்று ஊரையே நெருக்கினவன்தான். ஆனாலும் இங்கே மேல்வீட்டுக்காரர் தும்மினால் எங்கள் வீட்டு பல்பு ஆடுகிறது. பக்கத்து வீட்டுக் குறட்டைக்கு நான் புரண்டு படுக்கிறேன். எனக்கென்று இருப்பது ஒரே ஒரு சின்ன அறை, அதில் ஒரு சாய்வு நாற்காலி. அதற்கும் வேட்டு வைக்க, குடும்பத்தோடு வந்து தங்கட்டுமா என்று என் மச்சான், மனைவியின் தம்பி, கேட்டுக்கொண்டே இருந்தான். இடமில்லை என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"ஊருக்கு வெளியே தனி வீடு பார்த்துப் போயிடலாம்" என்றேன் மனைவியிடம்.

"போலாங்க."

உடனே ஒத்துக்கொண்டாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஆனா ஒரு வாரம் பழகிப் பாத்துடுவோம். இதுதான் அந்த வீடுன்னு வச்சுக்குங்க."

மறுநாள் காலை பால் இல்லை. கீழே இருக்கும் கடைக்குக் கிளம்பினேன்.

"எங்க போறீங்க? அங்க ஏது கீழ கடை? பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வாங்க."

போனேன். பாலோடு திரும்பியபோது காப்பி ஆசையே செத்துப்போயிருந்தது.

அப்புறம் குழாய் ஒழுகியது. பிளம்பர் நாலாவது மாடியில்தான் இருக்கிறார்.

"அவர் எப்படிங்க அவ்வளவு தூரம் வருவாரு?" என்று வாளியை வைத்துவிட்டுப் போனாள். ராத்திரி பூரா டொக், டொக்.

"அங்க போனா கார் வாங்கிக்குவேன்!"

"எல்லாரும் இப்படித் தனி வீடு, தனி காருன்னு கிளம்பினா, நீங்க தேடிப் போற நல்ல காத்து எங்கருந்து வரும்?"

"இங்க மட்டும் என்ன வாழுதாம்? தண்ணி எங்கருந்தோ லாரியில வருது. குப்பை எங்கேயோ லாரியில போகுது. நடுவுல ஒண்டிக்கிட்டு நாம பூமியைக் காப்பாத்துறோமாக்கும்!"

"அதுவும் சரிதான். அப்ப நாளையிலேருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவை குளிங்க, போதும்."

இந்தப் பக்கம் பேசினாலும் அடி, அந்தப் பக்கம் பேசினாலும் அடி.

வாளியைத் தூக்கினதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. என் முனகல் கேட்டு, பக்கத்து வீட்டு நர்ஸம்மா கதவைத் தட்டினார்.

"அண்ணே, தைலம் கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம்மா. நாங்க இங்க இல்ல, ஊருக்கு வெளியே இருக்கோம்" என்றாள் இவள்.

"ஓ, சரிக்கா" என்று அந்தம்மாவும் போய்விட்டார்!

படுத்தபடியே சரணடைந்தேன்.

"தெரியாம சொல்லிட்டேன்மா. நாலு பேர் நெருங்கி இருக்கிறதுதான் நல்லது."

"யாருக்கு?"

"எனக்கு, உனக்கு, பூமிக்கு, எல்லாருக்கும்!"

"இடம் பத்தலைன்னு இனிமே சொல்ல மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன். தைலத்தைக் கொண்டு வரச் சொல்லு."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, வாசல் வரைக்கும் கேக்கணும்."

"இடம் தாராளமா இருக்கு!" என்று கத்தினேன்.

வாசல் கதவு திறந்தது. மச்சான், அவன் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், சுருட்டிய மெத்தைகள், ஒரு தையல் மிஷின். இத்தனையும் ஏற்றி வர லிஃப்ட் அன்றைக்கென்று ஜோராக ஓடியிருக்கிறது.

"ரொம்ப சந்தோஷம் மாமா! ஊருக்கு வெளியே நாங்க இருந்த அந்தத் தனி வீட்டுல மனுஷன் இருப்பானா? பஸ்ஸே கிடையாது" என்றான்.

என் மனைவி சின்ன அறைக் கதவை விரியத் திறந்து, அதில் ரெண்டு தட்டு தட்டினாள்.

"உள்ள போ, உள்ள போ! நடுவுல இடம் இருக்கு!"