மோட்டாரைத் தூங்க வைத்த நாள்

உறைபனி இறங்க இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. இன்றிரவு பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி என்று வானொலி சொல்லிவிட்டது. படகு மோட்டாருக்குள் ஒரு கரண்டி தண்ணீர் தங்கினாலும் போதும். உறைந்து, விரிந்து, உலோகத்தைப் பிளந்துவிடும்.

அர்மாஸ் ஏரிக்கரையில் நின்று மோட்டாரைப் பார்த்தார். அது எப்போதும் ஹில்காவின் மோட்டார்.

ஹில்கா மார்ச்சில் இறந்துபோனாள். ஒவ்வொரு அக்டோபரிலும் கோடைவீட்டைப் பூட்டுவதற்கு முன் அவள்தான் மோட்டாரைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "நீங்க போய் சவுனா அடுப்பை மூட்டுங்க" என்று அவரை நீராவிக் குளியலறைக்கு அனுப்பிவிடுவாள். சாயங்காலம் வெளியே வந்து, "தூங்க வச்சாச்சு" என்பாள். மே மாதம் ஏரி உருகியதும் ஒரே இழுப்பில் அது விழித்துக்கொள்ளும். ஹில்கா பின்னால் உட்கார்ந்து ஓட்டுவாள். அர்மாஸ் முன்னால், உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி, மடியில் காப்பிக் குடுவையோடு. தீவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால்தான் இருவருக்கும் கோடை தொடங்கும்.

மகள் ரீத்தா போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள். "மே மாசம் மோட்டார் கிளம்பினா படகு இருக்கட்டும்பா. இல்லைன்னா வித்துடலாம். துடுப்பு போடற வயசா உங்களுக்கு?"

"என்ன அர்மாஸ், மோட்டாரோட பேச்சுவார்த்தையா?"

பிர்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து பக்கத்து வீட்டுச் சைமி வந்தாள். கோட்டுப் பைகளில் கையை விட்டிருந்தாள்.

"அதை என்கிட்ட விடுய்யா."

"எதுக்கு? ஹில்கா செஞ்ச வேலை எனக்கு வராதா?"

"வரும்னு யாரு சொன்னா?"

அர்மாஸ் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முதலில் சேறில்லாத நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உள்ளே கழுவ வேண்டும். அதுவரை அவருக்குத் தெரியும். சவுனாக் கூரைக்குக் கீழே இருந்த மழைநீர்ப் பீப்பாயின் விளிம்பில் மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தார். தோள்பட்டை கழன்றுவிடும் என்று தோன்றியபோது அது கிளம்பியது. கியரில் கிளம்பியது. விசிறி பீப்பாய்த் தண்ணீரையெல்லாம் வாரி, காயவைத்த விறகின் மேலும் அர்மாஸின் மேலும் ஓரவஞ்சனை இல்லாமல் கொட்டியது.

"குளிச்சாச்சா?" என்றாள் சைமி.

"கியரை எடுக்க மறந்துட்டேன். அவ்வளவுதான்."

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல?"

"வேண்டாம்னு சொல்றேன்ல?"

பீப்பாய் காலி. கிணற்றுப் பம்பை நேற்றே குளிர்காலத்துக்காக வடித்து மூடியிருந்தார். அதை ரீத்தாவிடம் பெருமையாக வேறு சொல்லியிருந்தார். மிச்சமிருந்த நல்ல தண்ணீர், சவுனாவுக்குள் குளிப்பதற்காக நிரப்பி வைத்த மரத்தொட்டியில்தான் இருந்தது. மோட்டாரைக் குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தார். மோட்டாரைத் தொட்டி விளிம்பில் மாட்டி, கியரை எடுத்தார். இந்தத் தடவை மோட்டார் சாதுவாக ஓடியது. அர்மாஸ் கண்கலங்கினார். அதே சத்தம். மே மாதச் சத்தம்.

அடுத்தது, உள்ளே துருப்பிடிக்காமல் தடுக்கும் காப்பு எண்ணெய். காற்று இழுக்கும் துளைக்குள் புகை வரும்வரை பீச்சவும் என்று டப்பாவில் போட்டிருந்தது. எவ்வளவு புகை என்று போடவில்லை. குறை வைக்கக் கூடாதென்று டப்பாவைக் காலி செய்தார். ஹில்கா கோடைதோறும் சோப்புப் போட்டுத் தேய்த்த பலகைகள் புகைக்குள் மறைந்தன. மோட்டார் இருமி நின்றது. அர்மாஸ் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்.

"தீயணைப்புக்குச் சொல்லட்டுமா? இல்ல, மீனுக்குப் புகை போடறியா?"

"இதெல்லாம் முறைப்படிதான் நடக்குது!"

புகை அடங்கியதும் உள்ளே போய், கியர் இருக்கும் கீழ்ப்பெட்டியின் எண்ணெயை மாற்ற உட்கார்ந்தார். அடித்திருகைக் கழற்றினார். எண்ணெய் வரவில்லை. மேல்திருகைக் கழற்றினார். எண்ணெய் முழுவதும் ஒரே மூச்சில் அவர் மடிக்கு வந்தது. பதறி எழுந்தபோது அடித்திருகு கைநழுவி, தரைப்பலகை இடுக்கில் உருண்டு, சாக்கடைக்குழிக்குள் 'டிணுக்' என்றது.

வெளியே, பீப்பாய்த் தண்ணீர் தேங்கிய குட்டையின் விளிம்பில் கண்ணாடிபோல் பனி கட்டத் தொடங்கியிருந்தது.

அர்மாஸ் பையிலிருந்த சூயிங்கம் அத்தனையையும் வாயில் போட்டு அவசரமாக மென்றார். உருட்டித் துளையில் வைத்தார். வாழ்நாளெல்லாம் அடுமனையில் ரொட்டி மாவு பிசைந்த கட்டைவிரல் அது. இறுகப் பிடிக்கட்டும் என்று ஒரு அழுத்து அழுத்தினார்.

சூயிங்கம் உள்ளே போய்விட்டது.

அவர் பலகையில் உட்கார்ந்தார். முன்பக்கத்தில் மூட்டை மாதிரி உட்கார இனி படகு இருக்காது. பின்னால் ஆளில்லாமல் போனது போதாதென்று, இதுவும்.

"ஹில்கா எப்படித்தான் செஞ்சாளோ, சைமி. ஒரு சத்தம் வராது. ஒரு சொட்டு சிந்தாது."

சைமி உள்ளே வந்து மோட்டாருக்கு முன்னால் மண்டியிட்டாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு வளைந்த கம்பி வந்தது. துளைக்குள் விட்டு இரண்டு சுழற்றுச் சுழற்றி, சூயிங்கத்தை மொத்தமாக வெளியே எடுத்தாள். இன்னொரு பையிலிருந்து வந்த எண்ணெய்க் குழாயை அழுத்தி உள்ளே நிரப்பினாள். பிறகு ஒரு புதுத் திருகு. துளையைப் பார்க்காமலே, விரல் தானாகப் போய் அதைப் பொருத்தியது.

அர்மாஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மே மாசம் கிளம்புமா?"

"எப்ப கிளம்பாம இருந்திருக்கு?"

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

சைமி திரும்பாமலே திருகை இறுக்கினாள். "கொட்டகைக்குப் பின்கதவு ஒண்ணு இருக்குய்யா. வருஷா வருஷம் அதுவழியா வந்து செஞ்சது நான்தான், ஹில்கா பக்கத்துல உக்காந்து காலுறை பின்னிக்கிட்டு இருப்பா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வேற வாங்கிட்டா: 'நான் செய்யலைன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தானே செய்யக் கிளம்பிடுவாருடி!'"