ஆய்வாளரைக் கண்டு அலறிய சிறுத்தை

ஒரு காட்டில் பூங்குன்றன் என்றொரு தேவாங்கு இருந்தான். இருந்தான் என்பதைவிட ஆய்வு செய்துகொண்டிருந்தான் என்பதே சரி. மேற்படிப்பைப் பற்றி யார் யார் எந்த மொழியில் எழுதுகிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வு. கல்லூரி விளம்பரம் 'வானமே எல்லை' என்றது. கல்யாணப் பத்திரிகை மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டங்களை எழுத்து எழுத்தாகத் தொங்கவிட்டது. ஆய்வேடோ எதையும் நேராகச் சொல்லாமல் 'எனலாம்' என்று நழுவியது. இதையெல்லாம் திரட்டிக்கொண்டு போனால், நெறியாளர் ஆமையார் "இன்னும் ஆழமா போங்க" என்று சொல்லி ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்வார்.

பூங்குன்றன் இளைத்துக்கொண்டே வந்தான். "என்னடா, தேவாங்கு மாதிரி ஆயிட்டே?" என்று மற்றத் தேவாங்குகளே கேட்கத் தொடங்கின.

ஒருநாள் நூலகம் போகும் வழியில் மாசிலாமணிச் சிறுத்தையார் அவன் கழுத்தில் காலை வைத்தார்.

"யார்றா நீ?"

"ஆ... ஆய்வாளர்."

சட்டென்று காலை எடுத்துவிட்டார் சிறுத்தையார். முந்தின நாள்தான் ஊருக்குள் புகுந்து ஆடு ஒன்றை அமுக்கியிருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

"இன்ஸ்பெக்டர் ஐயாவா! மப்டியில வந்திருக்கீங்க, தெரியலைங்க."

அப்படியே வாயை மூடிக்கொண்டு நகர்ந்திருக்கலாம். முடியுமா? படித்த வாயாயிற்றே, நம்மையெல்லாம் பிடித்த அதே வியாதிதான். உயிர் போவதைவிட ஒரு சொல் தப்பான பொருளில் போகிறதே என்றுதான் பதறினான்.

"அது காவல் ஆய்வாளர். நான் முனைவர் பட்ட ஆய்வாளர். சொல் ஒன்று, பொருள் இரண்டு..."

கால் மறுபடி கழுத்துக்கு வந்தது.

"எந்தக் காலேஜ்?"

சொன்னான். சிறுத்தையாரின் முகம் மாறியது.

"என் பொண்ணை அங்கதான்டா சேர்த்திருக்கேன்! வானமே எல்லைன்னு போட்டிருந்தாங்களே. நீ எப்ப சேர்ந்தே?"

"உங்க பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடி."

"இன்னுமா முடிக்கல?"

"முடியும் நிலையில் உள்ளது எனலாம்."

சிறுத்தையார் அவன் விலாவைத் தடவிப் பார்த்தார். எலும்புதான் தட்டுப்பட்டது. கண் கலங்கிவிட்டது. "ஐயோ, எம்பொண்ணே!" என்று அலறிக்கொண்டு, மகளை மீட்டுவரக் கல்லூரிப் பக்கம் ஓடினார்.

உயிர் பிழைத்த பூங்குன்றனுக்கு அழுகை வந்தது. தின்பதற்குக்கூட நான் லாயக்கில்லை என்று நினைத்தான். 'எனலாம்' போடாமல் அவன் நினைத்த முதல் வாக்கியம் அதுதான்.

நடந்ததை ஆமையாரிடம் போய்ச் சொன்னான். சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக ஆமையார் தலையை முழுசாக வெளியே நீட்டிக் கேட்டார். மறுவாரம் காட்டு முச்சந்தியில் கல்லூரியின் புது விளம்பரத் தட்டி நின்றது:

'எங்கள் ஆய்வாளரைக் கண்டு சிறுத்தையே அலறி ஓடியது! சேர்க்கை நடைபெறுகிறது.'

பூங்குன்றன் சொல் சொல்லாகப் படித்துப் பார்த்தான். ஒரு சொல்லும் பொய்யில்லை. தட்டிக்கு முன்னால் குட்டிகளும் பெற்றோரும் வரிசை கட்டி நின்றார்கள். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். அதற்குள் ஆமையார் அவன் முதுகில் தட்டி, "தம்பி, இந்தத் தட்டியையும் ஆய்வுல சேர்த்துடுங்க. இன்னும் ஒரு இயல் ஆகும்" என்றார்.

பூங்குன்றன் பேனாவைத் திறந்தான்.

நீதி: சிறுத்தை விட்டாலும் கல்லூரி விடாது எனலாம்.