துடுப்பு சொன்ன சாட்சி

எங்கள் வீட்டில் ஒரே ஒரு விஷயத்திலாவது என் பேச்சு எடுபட வேண்டும் என்று முடிவெடுத்தேன். கிணற்று விலாங்கு கிணற்றிலேயே இருக்கும். ஆற்றில் விடுகிற பேச்சே கூடாது.

கல்லூரியில் விலாங்கு மீன்களை ஆராயும் பிரபா வந்து, அதன் துடுப்பு நுனியைக் கிள்ளி மரபணுச் சோதனைக்கு எடுத்துப் போனதிலிருந்து என் மனைவி சத்யபிரியாவுக்குத் தூக்கமில்லை. விலாங்கு கடலுக்குப் போய்த்தான் முட்டையிடுமாம், பாவமாம். அது வந்த பிறகுதான் என் கிணறு வற்றாமல் இருக்கிறது. நான் அசையவில்லை. அவளும் அதற்கு மேல் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆடிப் பதினெட்டு அன்று ஓமலூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"ஏனுங்க, விலாங்கப் பத்தரமாப் பாத்துக்கோங்க. உங்க பொறுப்புங்க."

மறுநாள் மண்புழு போட்டேன். அசைவே இல்லை. மூன்று நாள் எட்டியெட்டிப் பார்த்தேன். தவளை இருந்தது, விலாங்கு இல்லை. பள்ளிபாளையம் ஆற்றங்கரைக்கு ஓடி, மீன்காரரிடம் அதே நீளத்தில் ஒன்று வாங்கி வந்து கிணற்றில் விட்டேன். அடையாளம் தெரிய விலாங்குக்கு மூக்கும் முழியுமா இருக்கிறது?

திரும்பி வந்த சத்யபிரியா எட்டிப் பார்த்தாள். இளைத்த மாதிரி இருக்கிறதே என்று மட்டும் சொல்லிவிட்டு, பிரபாவுக்குப் போன் போட்டாள்.

பிரபா அதை வலையில் எடுத்துத் தட்டில் கிடத்தினாள். பழையதற்கு முதுகுத் துடுப்பு உடம்பின் முன்பாதியிலேயே தொடங்கியதாம். இதற்கு ஆசனவாய்க்கு நேர் மேலேதான் தொடங்குகிறதாம்.

"வயசானா கொஞ்சம் பின்னால நகருமுங்க," என்றேன். "எனக்கு முடி நகரலீங்களா?"

பிரபா சிரிக்காமல் இதன் துடுப்பு நுனியையும் கிள்ளிக்கொண்டு போனாள். பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொலைகாரனே மரபணுவிடம் மாட்டிக்கொள்கிறான், நான் எம்மாத்திரம்? முடிவு வந்தது. இரண்டும் வெவ்வேறு இனம்.

உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"உன் விலாங்கத் தொலச்சுப்போட்டன் அம்மிணி. இனி இந்த ஊட்ல நீ சொல்றதுதான்."

அவள் திட்டவே இல்லை. போகட்டும், இதையாவது ஆற்றில் விட்டுவிடலாம் என்றாள். தங்கமான மனசு என்று எனக்குக் கண் கலங்கியது. வாளியை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இதுவாவது கடலைப் பார்க்கட்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது.

பிரபா கரையில் காத்திருந்தாள்.

"அக்கா, ஆடிப் பதினெட்டன்னைக்கு நாம உங்க விலாங்க உட்டமே, அதே எடத்துல இதையும் உட்டரலாமுங்களா?"

நான் வாளியும் கையுமாக நின்றேன்.

"நிக்காதீங்க, ஊத்துங்க," என்றாள் சத்யபிரியா. "இனி நான் சொல்றதுதானுங்களே."