டெல்பர்ட் அத்தானுக்குத் துப்பாக்கி வாங்கப் போனது

அன்புத் தம்பி லைலுக்கு,

உன் அக்கா நடீன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முட்டிவலியும் நலம். துல்சாவில் நீயும் பெவர்லியும், உன்னைவிட அறிவுள்ள உன் நாயும் நலமாக இருக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் சர்ச்சில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு கோழித் தொழிற்சாலைக்குப் போனவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் சொல்ல முடியாது. டெல்பர்ட் அத்தான் பக்கத்து அறையில் இருக்கிறார், இந்த வீட்டுச் சுவரோ வெறும் அட்டை. அதோடு வாயால் சொன்னால் நடுவில் ஏதாவது கேலி செய்துவிடுவேன், நீ நம்ப மாட்டாய். இது கேலி இல்லை லைல். அத்தான் உயிரோடு இருப்பாரா என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அவர் வந்து, "நடீன், சட்டைக்குள்ள தினமும் வெச்சுக்கற மாதிரி ஒரு சின்னத் துப்பாக்கி வேணும். நீதான் வெச்சிருக்கியே, கூட வா" என்றார். பெட்ரோல் பங்கில் யாரையோ மிரட்டிப் பிடுங்கினார்களாம், காலம் கெட்டுக் கிடக்கிறதாம். நம் மார்லா அக்கா அவரைத் தனியாக விட்டுக் கண்மூடின இந்த ஐந்து மாதத்தில் அந்த மனிதர் வாய் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மான் வேட்டைத் துப்பாக்கி மூன்றையும் ஆகஸ்டிலேயே பக்கத்துப் பண்ணைக்காரருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்தாரே, தாராள மனசு என்று நாமெல்லாம் புகழ்ந்தோமே, அதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. வழி முழுக்க வாயாடிக்கொண்டே போனேன். "அத்தான், உங்க தொப்பைக்கு அடியில பீரங்கியே வெச்சாலும் வெளிய தெரியாது" என்றேன். வேறு நாளாக இருந்தால் என்னைக் கோழிப்பிசாசு என்று திட்டியிருப்பார். அன்றைக்கு "ஆமா" என்றார்.

ஹெர்ஷல் கடை உனக்குத் தெரியும், முன்பக்கம் தூண்டில், பின்பக்கம் துப்பாக்கி. போன வருஷம் எனக்கு ஒன்று தேர்ந்தெடுக்க அங்கே மூன்று நாள் அலைந்தேன். சின்னதுதான் வசதி என்று நினைத்தால், சின்னது கழுதை மாதிரி உதைக்கிறது, சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமில்லை. பெரிதாக எடுத்தால் சட்டைக்கு மேல் துருத்துகிறது. ஒன்றில் குண்டேற்ற மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்கவே முடியவில்லை, கோழி வெட்டி வெட்டி என் விரல்கள் போன கதை அப்படி. ஹெர்ஷல் என்னை உட்கார வைத்தான், குனிய வைத்தான், மேல் அலமாரியை எட்ட வைத்தான், இடுப்பில் துப்பாக்கியைச் சொருகும் உறையை மட்டும் நாலு தடவை மாற்றினான். புருஷனைத் தேர்ந்தெடுத்ததைவிட அதிக நேரமாயிற்று, பலனும் அதைவிடப் பரவாயில்லை. அத்தானைக் கேட்க வேண்டுமா, தோட்டக் குழாய் வாங்கவே மூன்று தடவை வீட்டுக்குப் போய் அளந்து வருகிற மனிதர், இன்றைக்குப் பொழுது இங்கேதான் என்று நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஹெர்ஷல் முதல் துப்பாக்கியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான்.

"இது போதும்" என்றார் அத்தான்.

"கையில எடுத்துப் பாருங்க டெல்பர்ட். சுண்டுவிரல் தொங்குதா?"

"பரவால்ல."

"உறை எந்தப் பக்கத்துக்கு? வலது இடுப்பா, முன்னாடியா?"

"உறை வேணாம்."

ஹெர்ஷல் என்னைப் பார்த்தான். நான் இன்னும் இளித்துக்கொண்டுதான் இருந்தேன். "உறை இல்லாம சொருகினா அத்தான், அடுத்த கல்யாணத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது!" என்றேன். என் நாக்கை வெட்டிப் போட வேண்டும்.

"பழகறதுக்குக் குண்டு எத்தனை பெட்டி?"

"இருக்கறதுலயே சின்னது ஒண்ணு."

"சுத்தம் பண்ண எண்ணெய்?"

"தேவைப்படாது ஹெர்ஷல்."

ஹெர்ஷல் அதை மெதுவாக எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினான். "கம்ப்யூட்டர் படுத்துடுச்சு டெல்பர்ட். போலீஸ் சரிபார்ப்பு போகாது, இன்னிக்கு யாருக்கும் விக்க முடியாது" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் அவன் மகள் அதே கம்ப்யூட்டரில் வேறொருவருக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அத்தானும் அதைப் பார்த்தார். சண்டைக்கென்றே பிறந்த மனிதர், "சரி" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். எனக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது.

ஹெர்ஷல் என் கையைப் பிடித்து, "நடீன், தினமும் வெச்சுக்கப் போறவன் உறை கேப்பான். இவரு ஒரே ஒரு நாளைக்குக் கேக்கறாரு. தனியா விடாத" என்றான். என் துப்பாக்கியைக் கைப்பையிலிருந்து எடுத்து அங்கேயே அவனிடம் பூட்டி வைக்கக் கொடுத்துவிட்டேன்.

வண்டியில் ஏறினதும் நேராகக் கேட்டிருக்கலாம். எதையும் யாரிடமும் கேட்கிறவள் நான். "ராத்திரிக்கு என்ன சாப்பிடறீங்க?" என்றுதான் வாயில் வந்தது. பிறகு என் வீட்டு வெந்நீர் ஹீட்டர் உடைந்துவிட்டது என்று சொல்லிக் கூட்டி வந்து, அவரைக் காப்பியோடு உட்கார வைத்துவிட்டு, பின்னால் போய் அதைக் குறடால் உடைத்தேன். அது சரியானதும் துணி துவைக்கும் இயந்திரம். பிறகு வாசல் கேட். தினம் ஒன்றாக உடைக்கிறேன், அவரும் தினம் ஒன்றாகச் சரிசெய்துகொண்டு இங்கேயே தங்கியிருக்கிறார். இனி உடைக்க வீட்டில் அதிகமில்லை லைல்.

அதனால் சனிக்கிழமை நீ வர வேண்டும். கெளுத்தி பிடிக்க வந்தேன் என்று சொல். திங்கட்கிழமை டாக்டரிடம் அவருக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், உன் முதுகுக்கு என்று சொல்லி நாமிருவருமாகக் கூட்டிப் போய்விடலாம். நான் எழுதினதை மட்டும் மூச்சுவிடாதே.

பெவர்லிக்கு என் அன்பு, நாய்க்கு என் மரியாதை, உனக்குக் கடவுள் நல்ல சாலையைக் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
நடீன்

பி.கு. லைல் மச்சான், டெல்பர்ட் எழுதுகிறேன். நடீன் தபால்தலை வாங்கப் போயிருக்கிறாள், இதைச் சமையல் மேசையில் அப்படியே போட்டுவிட்டாள். படித்துவிட்டேன். அவள் எழுதியது சரிதான். நீ பொய் எதுவும் யோசித்துக்கொண்டு வர வேண்டாம். இது உன் கைக்கு வர மூன்று நாளாகும். அவ்வளவு நாளுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. பேனாவை வைத்துவிட்டு உனக்குப் போன் போடப் போகிறேன்.